பின்னாலிருந்து கூப்பிடும் வேலை

பனியைக் கண்ணாலும் காணாத ஒரு பெண் பனிச்சறுக்குக் கழகத்தில் வேலை பார்த்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? த்ரீ கிங்ஸ் வட்டாரத்து யோகராணியைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில், ஆக்லாந்தின் கோடைச் சனிக்கிழமைகளில், சேலைக்கு மேலே கணவரின் மழைக்கோட்டும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக ஒரு மரமேடையின் உச்சியில் அவள் நின்ற கோலம் பார்க்க வேண்டிய ஒன்று. அதைப் பார்த்த பிள்ளைகள் இன்றைக்குத் தாங்களே பிள்ளை குட்டிக்காரர்கள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிக்கிறார்கள்.

ஆக்லாந்தில் பனி கிடையாது. பனி வேண்டுமென்றால் தெற்கே மணிக்கணக்காகக் கார் ஓட்டி ருவாபேஹூ மலைக்குப் போக வேண்டும், அதுவும் குளிர்காலம் வந்த பிறகு. ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடத் துடிக்கிற பிள்ளைகளுக்கு அதுவரை பொறுமை ஏது? நகரின் மேற்கே நியூ லின்னுக்கு அப்பால், செங்கல்லுக்கு மண் தோண்டிவிட்டுப் போன பழைய குழி ஒன்று மழைத்தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடந்தது. அதன் கரையில் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு மரச் சறுக்குமேடை கட்டினார்கள். மேலே பிளாஸ்டிக் பாய் விரித்து, அதை நனைக்கக் குழாயும் போட்டார்கள். பிள்ளைகள் காலில் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து வழுக்கி வருவார்கள். மேடையின் நுனி அவர்களைத் தூக்கி எறியும். அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பென்று குளத்தில் விழுவார்கள். ஃப்ரீஸ்டைல் ஸ்கீ என்று இதற்குப் பெயர். பெற்றவர்கள் இதைக் கரையில் நின்று பார்த்துக் கைதட்டுவார்கள். வெள்ளைக்காரர்களின் நெஞ்சு எதனால் செய்தது என்று யோகராணி ஆரம்பத்தில் வியந்ததுண்டு.

அவளுடைய குடும்பம் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்தது. அங்கே எஞ்சினியராக இருந்த கணவர் மகேசன் இங்கே ஒரு பட்டறையில் இயந்திரம் ஓட்டினார், சனிக்கிழமையும் சேர்த்து. யோகராணி த்ரீ கிங்ஸ் கடையொன்றில் திரைச்சீலைத் துணி வெட்டினாள். இருவரும் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டாதது மகள் வசந்தமலர்தான். கொழும்பில் வாய் ஓயாத பிள்ளை, இங்கே வந்ததும் ஊமையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சில்லை. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் வரும், அதோடு சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெற்ற வயிறு எப்படித் தாங்கும்?

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி மலரை அந்தக் குளத்துக்கு அழைத்துப் போனாள். யோகராணியும் கூடவே போனாள். யாரோ கழித்துக் கொடுத்த பலகைகளைக் கட்டிக்கொண்டு மலர் மேடையின் பாதி உயரத்திலிருந்து வழுக்கி, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தண்ணீரில் விழுந்தாள். யோகராணிக்கு உயிர் போய் வந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தலை வெளியே வந்தபோது மலர் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, பழைய மலராகச் சிரித்தாள். அன்றைக்கே யோகராணி முடிவு செய்துவிட்டாள். என்ன ஆனாலும் சரி, இந்தப் பிள்ளையை இந்தக் குளத்திலிருந்து பிரிக்க விடக் கூடாது.

கழகத்தில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இல்லாமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது. விழுந்தவரைப் பார்த்து நையாண்டி செய்யக் கூடாது. தண்ணீரில் சரியாகச் செய்து காட்டாத எதையும் மலையில் பனிமேல் செய்யக் கூடாது. கழுத்திலும் காதிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று: பெற்றோரில் ஒருவர் ஏதாவது வேலைக்கு நிற்காவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மேடை இல்லை.

மகேசனுக்குச் சனிக்கிழமை வேலை. ஆகவே யோகராணி நிற்க வேண்டும். முதலில் அவளை சாசேஜ் பொரிக்கும் மேசையில் விட்டார்கள். முட்டைக்கு அப்பால் எதையும் தொட்டறியாதவள், மாட்டிறைச்சியை இடுக்கியால் புரட்ட முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். நீந்தத் தெரியாததால் குளக்கரைக்கு ஆகாது. கார் ஓட்டத் தெரியாததால் சாமான் ஏற்றவும் ஆகாது. மிஞ்சியது மேடை உச்சியில் வாசல் காவல். குளத்தில் ஆளோ பொருளோ இல்லையென்று பார்த்து "கிளியர்" சொல்ல வேண்டும். புறப்பட்ட பிறகு கீழே ஏதாவது குறுக்கே வந்தால் பின்னாலிருந்து சத்தம் போட வேண்டும். சத்தம் கேட்ட பிள்ளை யோசிக்காமல் பக்கவாட்டில் பாயில் விழுந்துவிட வேண்டும். வாய் இருந்தால் போதும் என்றாள் கழகத் தலைவி பெவர்லி. யோகராணிக்கு வாய் இருந்தது.

எவ்வளவு நல்ல கோடை அது! ஈரமான ரப்பர் வாசனை, யாரோ ஒருவரின் காரிலிருந்து கிரிக்கெட் வர்ணனை, வெயிலில் சூடேறிய மரப்படி. பிள்ளைகள் கழற்றிக் கொடுக்கும் தோடு, சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் யோகராணி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மாலையில் முடிச்சை அவிழ்த்தால் சின்ன நகைக்கடையே இருக்கும். "ஆன்ட்டி யோகா" என்று பிள்ளைகள் அவளைச் சுற்றுவார்கள். மலர் அந்தரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றப் பழகிவிட்டாள். அந்த நாட்டுக் குளிர்காலமான ஆகஸ்டில் மலைக்குப் போகும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி என்று பேச்சு. முதல்முதலாகப் பனி பார்க்கப் போகிறாள்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. மோகனதாஸ் என்று மலேசியாவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் ஹில்ஸ்பரோவில் இருந்தார். அவருடைய மகன் தயாளனுக்கு யோகராணி "கிளியர்" சொன்னாள். பையன் புறப்பட்டான். அந்த நேரம் பார்த்து, முன்பு குதித்தவளின் காலிலிருந்து கழன்று அடியில் சிக்கிக் கிடந்த பலகை ஒன்று மேலே வந்து, அவன் விழப்போகும் இடத்தில் மிதந்தது. யோகராணி கண்டாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பையன் பலகைமேல் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான்.

புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. இதை யோகராணிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. பிறந்த ஊரில் ஒருமுறை அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கொழும்புக்குக் கிளம்பியபோது, அம்மா வாயைத் திறக்காமல் பின்பக்க ஒழுங்கையால் தலைதெறிக்க ஓடி, சந்தியில் அவருக்கு முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றாள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து பின்னாலிருந்து கூப்பிடும் வேலையில் வைத்தால்? விதியைப் படித்தபோது அவளுக்கே இது உறைக்கவில்லை. முதுகைக் கண்டபோதுதான் தொண்டை பூட்டிக்கொண்டது.

பெவர்லி வீட்டில் கூட்டம் போட்டார்கள். போகுமுன் மகேசன் வழி சொல்லிக் கொடுத்தார்.

"வெயில் கண்ணிலை அடிச்சதெண்டு சொல்லும். வெயில் இருந்தது உண்மைதானே."

யோகராணியும் அதைத்தான் சொல்வதாக இருந்தாள். ஆனால் தேநீர்க் கோப்பைகளுக்கு அந்தப் பக்கம் மோகனதாஸ் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆங்கிலம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அக்கா, தமிழ்லயே பேசுங்க. நான் அவங்ககிட்ட சொல்றேன்" என்றார் அவர்.

"வெயிலுமில்லை, ஒண்டுமில்லை, டொக்டர். பலகையை நான் வடிவாக் கண்டனான். புறப்பட்டுப் போற பிள்ளையைப் பின்னாலை கூப்பிட எனக்கு வாய் வரேல்லை."

மோகனதாஸ் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மாவும் இப்படித்தாங்க்கா. ஆனா அடிபட்டது என் புள்ளையாச்சே."

யோகராணி அழுதாள். பெவர்லி நல்ல மனுஷி, ஆனால் விதியில் கறார். அடுத்த சனிக்கிழமை யோகராணி மறுபடியும் வாசலில் நிற்கலாம். கூப்பிட முடியாது என்று தெரிந்தால் அதுவே கடைசி, மலருக்கும் மேடை இல்லை, மலையும் இல்லை. பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றாள். அது நியாயம்தான் என்று யோகராணிக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது மலர் சிரிக்கவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. பரவாயில்லை, தனக்கு அது அவ்வளவு பிடிக்கவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யோகராணிக்கு அந்தப் பொய்தான் அதிகம் வலித்தது.

அந்த வாரம் முழுக்க அவள் பழகினாள். கொல்லையில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்று கத்தினாள், நன்றாகத்தான் வந்தது. போகிற முதுகு ஒன்று வேண்டும், அங்கேதான் சிக்கல். தபால்காரரைக் கூப்பிடப் போய் இருமலாக முடிந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பிய கணவரின் பின்னால் போய் நின்றாள். மூடநம்பிக்கை, மண்ணாங்கட்டி என்று இரவெல்லாம் திட்டிய எஞ்சினியர் சடக்கென்று திரும்பினார்.

"என்னிலை மட்டும் பழகிப் பாக்காதையும். எனக்கு அந்த வேலை வேணும்."

சனிக்கிழமை வந்தது. யோகராணி ஒவ்வொரு பிள்ளையாக அனுப்பினாள். எதுவும் குறுக்கே வரவில்லை. பெவர்லி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மோகனதாஸ் அன்றைக்குக் குளக்கரை வேலையில் இருந்தார், மகன் கையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மலரின் முறை வந்தது. தோடுகளைக் கழற்றித் தாயின் கையில் வைத்தாள். யோகராணி குளத்தைப் பார்த்தாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மலர் வழுக்கிப் போனாள்.

அப்போது கரையில் நடக்கப் போட்டிருந்த ஈர மரப்பலகையில் மோகனதாஸின் கால் சறுக்கியது. மனுஷர் அப்படியே குளத்துக்குள் போனார். தலை மேலே வந்தபோது, மலர் வந்து விழவேண்டிய இடத்தில், கண்ணில் தண்ணீரோடு திசை தெரியாமல் தத்தளித்தார்.

யோகராணியின் முன்னால் போய்க்கொண்டிருந்தது யாருடைய முதுகோ அல்ல, தான் பெற்ற முதுகு. கூப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று கண் சொன்னது.

"வசந்தமலர்!"

பட்டறையில் இருந்த மகேசனுக்கே கேட்டிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மலர் பக்கவாட்டில் விழுந்தாள். பாயில் உரசிக்கொண்டே போய், பலகைகளின் மூக்கு மேடை நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நின்றாள். கீழே மோகனதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். யோகராணிக்கு அது காதில் விழவில்லை. கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டாயிற்று. சொந்தப் பிள்ளையை, போகிற வழியில், பின்னாலிருந்து, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று.

மலர் முழங்கை தோலுரிந்து, பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஏணியேறி வந்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். கத்தப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் தாயின் காலடியில் மேல்படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அம்மா, தண்ணி தாங்கோ."

போகும்போது கூப்பிட்டுவிட்டால் அதற்கு ஒரு பரிகாரம் உண்டு. திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் தோஷம் இல்லை. கொழும்பு வீட்டில் எப்போதோ பார்த்ததை இந்தப் பிள்ளை மறக்காமல் வைத்திருந்தது! யோகராணி போத்தலை எடுத்துக் கொடுத்தாள். மூடியை மலரே திறந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கழகத்தில் யாரைக் கூப்பிட்டு நிறுத்தினாலும் மேலே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் போனார்கள். பதற்றம் தணிய நல்ல ஏற்பாடு என்று பெவர்லி அதை விதிகளோடு சேர்த்து எழுதிவிட்டாள். மலர் படித்துப் பெரியவளாகி வெலிங்டனுக்குப் போன பின்னும் யோகராணி அந்த மேடையில் நின்றாள். பிறகு குளத்தைத் தூர்த்து வீடுகள் கட்டினார்கள். இப்போது அங்கே போனால் வரிசையாக ஓட்டுக்கூரைகளும் புல்வெட்டும் சத்தமும்தான். அந்தக் கோடைகள் இனி வராது, வராதுதான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, மலர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். பலகைகளைக் கட்டினாள். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா, தேவையெண்டால் திரும்பவும் கூப்பிடுங்கோ. நான் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறன்."

இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளை தாயிடம் தமிழில் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். யோகராணி கண்ணைத் துடைத்துக் குளம் தெரியும்வரை வரிசையில் நின்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.