சுவருக்கு அந்தப் பக்கக் காது

மைசூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம், பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற ஆன்ட்டி. இந்தப் பக்கம் நான், என் மனைவி, என் ஆம்ப்ளிஃபையர்.

ஆம்ப்ளிஃபையருக்குள் எட்டுக்கால் பூச்சி போல ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கும். பெயர் ஆப்-ஆம்ப். மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது அதன் வேலை. அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் பாட்டின் குணமே மாறிவிடும் என்பது என் கட்சி. ஒரு மண்ணும் மாறாது என்பது மனைவியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளில் இருக்கும் ஆபீசுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியதில்லை. காலையிலேயே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவேன். ஒரு சிப், ஒரு வீணைத் துணுக்கு. அடுத்த சிப், மறுபடி அதே வீணை.

ஒரு நாள் வாசலில் ஆன்ட்டி, கன்னடம் கலந்த தன் தமிழில் கேட்டார்: "ஏதாவது மாத்தினேளா? வீணை முன்னைவிடத் தெளிவா இருந்தது, அல்வா? இல்லையா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் மட்டமான சிப் ஒன்றைச் செருகினேன். "இன்னிக்கு மூக்கடைச்சாப்ல இருக்கே" என்றார். என்ன காது! மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஆன்ட்டி, "அந்த ஜப்பான் சிப்தான் நன்னா இருக்கு" என்றபோதுதான் உறைத்தது. ஜப்பான் என்று சுவர் வழியாகக் கேட்குமா? அந்தச் சிப் வந்த பார்சலை வாங்கி வைத்தவள் என் மனைவி; அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு புது சிப்பின் காலி உறையை மனைவி கண்ணில் படும்படி சாப்பாட்டு மேஜை மேல் போட்டேன். ஆம்ப்ளிஃபையரின் மூடியைச் சத்தமாகத் திறந்து, எதையும் தொடாமல் அப்படியே மூடினேன். வீணையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி வந்துவிட்டார்.

"அடடா! ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக் கேக்கறது!"

பின்னால் நின்ற மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, உங்க காதுக்காகவே இனிமே தினமும் ஒரு சிப் மாத்தப் போறேன். நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

"தினமுமா?" ஆன்ட்டி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏ, ரெண்டு வாரம் புகழ்ந்தா நிறுத்திடுவார்னு நீதானே சொன்னே!"

"யாராவது நன்னா இருக்குன்னு சொன்னா இவருக்குத் திருப்தியாயிடும்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றாள் மனைவி, துளி வெட்கமில்லாமல். காலி உறையின் கதையைச் சொன்னதும் இருவரும் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆன்ட்டி படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நிஜத்தைச் சொல்லட்டுமா? எனக்கு அந்த வீணையே பேடப்பா, வேண்டவே வேண்டாம். ஒரு சினிமாப் பாட்டு போடப்படாதா?"

ஆன்ட்டி வீட்டுக்குப் போனதும் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்கோ!"

அதற்கு எந்தச் சிப்பையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.