நாலும் ஆறும் சேரும் நாள்

ராஜமாணிக்கம் வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பொன்னேரிக்கு வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில், யூனியன் நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் துளசிராமன், ‘கணக்கில் மாணவர் மந்தம்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இந்த வருஷமும், அதாவது 1970இலும், அதையே எழுதினால் வாத்தியார் மறுபடி அப்பாவோடு கூலிக்கு வரப்பு வெட்ட வேண்டியதுதான். அந்தக் குடும்பத்தில் மண்வெட்டியை விட்டுச் சாக்பீஸைப் பிடித்த முதல் ஆள் அவர்.

பிள்ளைகள் ஒன்றும் மக்கு இல்லை. மீச்சிறு பொது மடங்குதான் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. நாலுக்கும் ஆறுக்கும் கேட்டால் பாதி வகுப்பு இரண்டு என்றது. மீதிப் பாதி இரண்டையும் பெருக்கி இருபத்துநாலு என்றது. வாத்தியாருக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

பிப்ரவரி நாலாம் தேதி நாலைந்து பேர் தவிர வகுப்பே காலி. மறுநாள் வந்தவர்களைப் பிரம்போடு விசாரித்தார்.

“மேல்வாய்க்காலுக்கு நாலு நாளைக்கு ஒரு மொற, கீழ்வாய்க்காலுக்கு ஆறு நாளைக்கு ஒரு மொற சார்” என்றான் குப்புராஜ். “நேத்து ரெண்டும் ஒண்ணா வந்திச்சி, வூட்ல பெரியாளுங்க பத்தல. காவலுக்கு நிக்கலன்னா மடைய ஒடச்சி தண்ணிய இட்டுகினு போய்டுவானுங்க.”

“மறுபடி எப்போடா ஒண்ணா வரும்?”

“பன்னண்டு நாள் கயிச்சி சார்!” என்றது மொத்த வகுப்பும்.

வாத்தியார் பிரம்பைப் போட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். நாலு, எட்டு, பன்னிரண்டு. ஆறு, பன்னிரண்டு. அடுத்து எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் கேட்டார், ஆறுக்கும் ஒன்பதுக்கும் கேட்டார். கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொண்டார்கள். அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

சூடு ஆறுவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று யூனியன் ஆபீசுக்கே போய் நின்றார். இன்ஸ்பெக்டர் வர பதினாறா, பதினேழா என்று குமாஸ்தா கேட்டார். இவர் பதினாறைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஊருக்குத்தான் உபதேசம்! திங்கட்கிழமை எல்லாரும் துவைத்த சட்டையோடு வர வேண்டும் என்று சொன்னபோது பிள்ளைகளும் தலையாட்டினார்கள். வரமாட்டேன் என்று சொல்லி அடி வாங்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது, நாற்பத்தொரு பேர் இருக்க வேண்டிய வகுப்பில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. நாலும் பன்னிரண்டும் பதினாறு.

“மற்றவர்கள் எங்கே?” என்றார் துளசிராமன்.

கடைசி வரிசையிலிருந்து கன்னியம்மா எழுந்தாள்.

“இன்னிக்கி ரெண்டு மொறயும் சேர்ற நாளு சார். அல்லாரும் வாய்க்காலாண்ட போய்க்கிறாங்க. இனிமே இருவத்தெட்டாந்தேதி.”

“அது எப்படித் தெரியும்?”

அவள் பலகைக்குப் போய்த் தானே எழுதிக் காட்டினாள். எட்டு நாள், பத்து நாள் என்று அவர் மாற்றிக் கேட்டார், நாற்பது என்றாள். மற்ற நாலு பேரையும் கேட்டார். ஒருவரும் தப்பவில்லை. ‘வருகை குறைவு, காரணம் கணக்குப்படி சரி’ என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் முதல்தடவையாகச் சிரித்தார்.

“உங்கள் வீட்டுக்கு எந்த வாய்க்கால் அம்மா?”

“எங்களுக்கு ஏது சார் நெலம்? எங்க நைனா மத்தவங்களுக்குத் தண்ணி தொறந்து உடுவாரு. நாங்க அஞ்சி பேருமே அப்டித்தான். அதான் இன்னிக்கி பள்ளிக்கூடத்துல கீறோம்.”

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. வாத்தியாரின் அப்பா அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி மேல்வாய்க்காலுக்குப் போனார். அன்றைக்கு யாரோ ஒருவருடைய முறை.