நவநீதனின் ஐந்து வாட்சுகள்

நவநீதனுக்குப் பழைய வாட்ச் என்றால் கிறுக்கு. கிறுக்கு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில், ஒரே ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபது வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு என்று தோலில் எது இருந்தாலும் சாயம் அடித்து மறைத்துப் புதுசு போல அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வீட்டில் கீறல் விழுந்த வாட்சாகத் தேடிச் சேர்த்தால் வேறென்ன சொல்வது?

எல்லாம் சுவிட்சர்லாந்து சரக்கு. நாடு நாடாகப் போகிறவர்களுக்கும் விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் என்று அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்தவை. ஒன்றில் கூடுதலாக ஒரு முள், வேறு நாட்டு நேரம் காட்ட. இன்னொன்றில் விளிம்பு முழுக்க ஊர்ப் பெயர்கள். தீபாவளி போனஸை எல்லாம் கொட்டி ஐந்து சேர்த்திருந்தான். அவனோ பெங்களூருக்கு அப்பால் போனதில்லை. டயல் டீத்தண்ணி நிறத்துக்குப் பழுத்திருக்க வேண்டும், இருட்டில் மின்னும் ரேடியம் பூச்சு பொரிந்திருக்க வேண்டும், அதுதான் அவனுக்கு அழகு. "எத்தினி ஊரு வெயில் பட்டிருக்கும் பாரு, இன்பராஜ்" என்பான். என் கண்ணுக்கு அழுக்குதான் தெரியும்.

அவன் உயிரை வைத்திருந்தது ஆறாவது ஒன்றின் மேல். அது சத்துவாச்சாரியில் இருக்கும் அருணகிரி சாருடையது. விமானப்படையில் பைலட்டாக இருந்தவர். பறந்த காலமெல்லாம் கையில் கட்டியிருந்த வாட்ச். விற்க மாட்டார். உள்ளது உள்ளபடி வைத்துக் காப்பாற்றுகிற ஆளுக்குத்தான் கொடுப்பேன் என்பார். நாலு வருஷமாக நவநீதன் மாதம் ஒருமுறை போய், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து வந்தான். ஒருநாள் அவரே போன் செய்தார். "வர்ற ஞாயித்துக்கிழம உன் அஞ்சையும் எடுத்துட்டு வாப்பா. எப்படி வெச்சிருக்கேன்னு பாத்துட்டு இத உன்கிட்டயே குடுத்துடறேன்." அன்றைக்கு முழுக்க ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அவன் மனைவி சோபனா என் வீட்டுக்கு வந்தாள். ஷூ மேல்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்துக் கொடுக்கிறவள்.

"அண்ணா, அந்த சாரு வாட்செல்லாம் செக் பண்ணப் போறாராமே. இவரு அழுக்கோட தூக்கினு போவாரு. சரக்கு வாங்கற பையர் வர்றாருன்னா நம்ம கம்பெனிக்கே வெள்ளை அடிக்கறாங்க. புதுசு மாதிரி பண்ணித் தர நல்ல கை யாருனா இருக்காங்களா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பஜாரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அக்தரி பேகத்தைச் சொன்னேன். பழைய டயலைச் சுரண்டிப் புதுசாக எழுதுவதில் கெட்டிக்காரி. அவருகிட்ட மூச்சு விடாதீங்க என்றாள் சோபனா, நானும் விடவில்லை. அந்த வாரம் ஷிப்மென்ட் அவசரம், இரண்டு ஷிப்ட் பார்த்ததில் வாட்ச் இருந்த பீரோவை அவன் திறக்கவே இல்லை.

ஞாயிறு காலை துணைக்குப் போக நானும் வந்திருந்தேன். சோபனாதான் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். ஐந்தும் மின்னின. வெள்ளை வெளேரென்று டயல், மை காயாதது போல எண்கள், புது முள். தேய்த்த தேய்ப்பில் ஒரு கீறல் மிச்சமில்லை. நவநீதன் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஃபினிஷிங் ஆளுக்கு மேல்பூச்சு தெரியாதா?

"பழைய முள்ளு?"

"துருங்க அது. பேகமே குப்பையில போட்டுட்டாங்க. இன்னா, நல்லா இருக்கா?"

மூன்று மாதம் தைத்த கூலியை அதில் போட்டிருந்தாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும்தான் சார் சொன்ன 'உள்ளது உள்ளபடி' எனக்கு உறைத்தது.

போக வேண்டாம்டா என்று காதோடு சொன்னேன். ஆனால் சோபனா பட்டுப்புடவை கட்டித் தயாராக நின்றாள். ஏன் போகவில்லை என்று அவளிடம் எதைச் சொல்வது?

சத்துவாச்சாரி வீட்டில் அருணகிரி சார் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மற்றவற்றைத் தொடவில்லை.

"யார் செஞ்ச வேல இது?"

சோபனா வாயைத் திறந்தாள். அதற்குள் நவநீதன் முந்திக்கொண்டான். "நான்தான் சார்."

நான் பேசியிருக்கலாம். நவநீதன் என்னைப் பார்த்த பார்வையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உன்ன வேற மாதிரி நெனச்சிருந்தேன்பா" என்று பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினார். "காபி குடிச்சிட்டுப் போங்க." தன் வாட்சை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சோபனா பொரிந்து தள்ளினாள். "குடுக்க மனசு இல்ல அந்தாளுக்கு! கண்ணாடி மாதிரி மின்னுது, அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கறாரு." பின் சீட்டில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஏங்க, பாலிஷ் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணுமோ?"

நவநீதன் மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஆமா சோபனா. கொஞ்சம் கம்மியாதான் போச்சி."

"அப்ப பேகங்கிட்ட இன்னொரு தபா குடுக்கட்டா?"

"குடு" என்றான்.