அளவுகோலாக நின்றவர்

அறுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், இறுதியாண்டு. "கல்லைப் பார்த்தே பட்டம் எடுக்கப் போறியோ?" என்று பாலையூற்றில் எங்கள் வீட்டார் கேட்டுக் களைத்திருந்த காலம். ஆய்வுக் கட்டுரைக்கு நான் பிடித்துக்கொண்டது, திருகோணமலைக் குடாவுக்கு அக்கரையில், மூதூர்ப் பக்கத்துக் கரையோரப் பற்றைக்குள் உடைந்து கிடந்த பழைய கோயில் தூண்கள்.

வள்ளத்தில் கொண்டுபோனவர் கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, காக்கா என்றுதான் கூப்பிட்டேன். இறங்கி, இரவல் கமெராவைத் திறந்த பிறகுதான் அளவுகோல் வீட்டு அலுமாரிக்கு மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. சிற்பத்தைப் படம் எடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் ஏதாவது வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தூணும் தீக்குச்சியும் ஒன்றுதான் என்பார் எங்கள் பேராசிரியர்.

"காக்கா, உங்கட கையைத் தூணில வையுங்கோ."

வைத்தார். நங்கூரத்தில் நசுங்கிப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. பிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான். பன்னிரண்டு தரமும் கொதிக்கிற கல்லில் கையை வைத்தார். இடையில் கடல்நீரைத் தொட்டுத் தலையை வாரி, சட்டைப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.

"தம்பி, படத்தில என்ட முகமும் விழுமா?"

"ஏன் விழாது? மாப்பிள்ளை மாதிரி விழும் காக்கா! மதினி உங்களை ரெண்டாந்தரம் கலியாணம் முடிக்கப் போறா."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். விழாது என்று எனக்குத் தெரியும். மனிதர் உள்ளே வந்தால் கலை கெட்டுவிடும் என்று நம்பிய மேதையல்லவா! மணிக்கட்டோடு வெட்டித்தான் எடுத்தேன்.

நேர்முகப் பரீட்சையில் பேராசிரியர், "இது யாருடைய கை?" என்றார். "அளவுகோல், சேர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பட்டமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வீடு விசாரித்து வந்தார். காக்காவின் மனைவி. வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து, மூன்றாம் நாள் அவர் கரை ஒதுங்கியபோது முகத்தை யாருக்கும் காட்ட ஏலாமல் இருந்ததாம். வீட்டைவிட்டு வெளியே வராமல் புருஷனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவை நாலு மாதமும் பத்து நாளும் இருந்து முடித்து, முதல் பயணமாக என்னிடம் வந்திருந்தார்.

"தம்பி படம் எடுத்தவர் எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொன்னவர். வேற படம் ஒண்டும் இல்ல. இவளுக்கு வாப்பாட முகத்தைக் காட்டணும்."

படங்களையும் நெகட்டிவையும் மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, ஒரு காதாவது, ஒரு கன்னமாவது விழுந்திருக்காதா என்று தேடினேன். பன்னிரண்டு கைகள்தான்.

"முகம் எங்க தம்பி?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற நான், முகம் விழும் என்று பொய் சொன்னதை ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் ஏசவில்லை. ஒரு படத்தை எடுத்துக் கறுத்த நகத்தைத் தடவிப் பார்த்தார். "இதுதான்டி வாப்பாட கை" என்று பிள்ளைக்குக் காட்டினார். அது அந்த விரலைப் பிடித்துப் பார்த்தது, பிடிபடவில்லை.

அவர் கொண்டுபோன அந்த ஒன்று போக, மற்றப் பதினொன்றும் என்னிடம்தான் இருக்கின்றன. இன்றும் எந்தச் சிற்பத்தின் படத்தைக் கண்டாலும், ஓரத்தில் யாரை வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.