குளவி மலைக்கு வந்த நாய்

தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்த அக்கா போன வருஷம் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். அன்று நான் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஒரு செவலை நாய் இருந்தது. 'டேய்' என்றுதான் அதைக் கூப்பிடுவார். அவருக்குப் பிறகு அது என் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. நான் கூப்பிடவில்லை, விரட்டவும் மனசு வரவில்லை.

அது ஓயாமல் குரைக்கிற நாய். காக்கா, பஸ், கொடியில் ஆடும் துணி, எதையும் விடாது. குளவி கலைந்த அன்றும் மலையில் நின்று குரைத்துக்கொண்டிருந்தது. அதனால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். நாய் போட்ட சத்தத்தில்தான் கூடு கலைந்தது, அக்கா செத்தார். குளவிக்குக் காது கேட்குமா என்று நான் கேட்டிருந்தால் என்னையும் சேர்த்து விரட்டியிருப்பார்கள். நான் கேட்கவில்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் நம்பினேன்.

கட்டிப்போட்டு வேலைக்குப் போனால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு என்னைத் தேடி மலைக்கே வந்துவிடும். சங்கிலி போட்டால் கழுத்து புண்ணாகும்வரை இழுத்து ஊளையிடும். பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? கயிறுதான் தேவலை என்று விட்டேன். ஆனால் தூரத்தில் அதன் சத்தம் கேட்டதுமே நிரையில் நிற்கும் பெண்களின் கை அப்படியே நின்றுவிடும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் சாயந்தரம் கங்காணி என் வாசலுக்கே வந்தார். கோபமாக இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவ மலையில அது கொரைச்சா, அப்புறம் அது இங்க இருக்கக் கூடாது தங்கச்சி. உசுரு விஷயம்."

என் வீட்டுக்காரர் காய்கறி லொறியில் வேலை செய்கிறார். வெலிமடைச் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடலாம், எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்றார். நாய் என்ன, லீக்ஸும் கரட்டும் தின்றா பிழைக்கும் என்று நான் எரிந்து விழுந்தேன். இந்த நாய் அங்கே ஒரு நாள் தாங்காது. ஓடுகிற லொறிக்கு முன்னால் நின்று குரைத்தே சாகும்.

குரைப்பதை நிறுத்தவைப்பதுதான் வழி என்று முதலில் விளக்குமாற்றை எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் போய் இன்னும் பலமாகக் குரைத்தது. அடுத்து, குரைக்கும்போதெல்லாம் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு வாயை அடைத்தேன். ரொட்டி வேண்டுமென்றால் குரைக்க வேண்டும் என்று அது கற்றுக்கொண்டது. நாய்க்கு நீதான் குரைக்கப் பழக்குகிறாய், உன் வாய்க்கு அதன் வாய் சரியாகப் போச்சு என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வருகிற நேரம்தான் அதற்கு வெறி பிடிக்கும். ஒரு நாள் அதை உற்றுப் பார்த்தேன். வால் கால்களுக்கு நடுவே போயிருந்தது. பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைத்தது. இவ்வளவு நாளும் திமிர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பயந்துபோய்க் கத்துகிறது. மலையில் குளவி கூடு கட்டும் நிழல் மரங்களுக்குக் கீழே நிற்கும்போது எனக்கு இருக்கிற அதே பயம்தான் அதற்கும்.

அதற்குப் பிறகு நான் கை ஓங்கவில்லை. பாண் ஆட்டோவின் பாட்டு கீழே கோயில் வளைவில் மெல்லக் கேட்கும்போதே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். காது நிமிரும், ஆனால் தொண்டை இன்னும் திறந்திருக்காது. அந்த நேரத்தில் "பேசாத" என்று மெதுவாகச் சொல்லி ஒரு துண்டு ரொட்டி. குரைத்துவிட்டால் ஒன்றும் கிடையாது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சத்தம் போட்டுச் சொன்னால் அது கேட்காது. லயம் முழுக்கக் கேட்கப் பேசிப் பழகிய நான் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மாசக்கணக்கில் ஆனது. கடைசியில் ஆட்டோ எங்கள் வாசலில் நின்று பாட்டு அலறினாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

அறுத்துக்கொண்டு ஓடி வருவதைவிட என்னோடு அமைதியாக வரட்டும் என்று கங்காணியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். முதலில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தோடு நாயை நிறுத்தச் சொன்னார். பிறகு நிரை வரைக்கும் விட்டார். ஆனால் என் பக்கத்து நிரையில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. நாயைப் பார்த்துக்கொண்டேதான் பறித்தார்கள். நானும் அப்படித்தான், ஒரு கண் கொழுந்தில், ஒரு கண் அதன் வாயில்.

மழை விட்ட ஒரு முற்பகல். மூடுபனி மலையை விட்டு இறங்கவே இல்லை. நாய் என் காலடியில் படுத்திருந்தது. கொழுந்து கிள்ளுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அப்போது மேல் நிரையிலிருந்து ஒருத்தி "குளவி" என்று கத்தினாள்.

கூடையை உதறிவிட்டுச் செடிக்கடியில் குப்புற விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். அந்த இரைச்சல் முதுகுக்கு மேலேயே போனது. நாய் ஓடினால், குரைத்தால், முடிந்தது. வாய் மட்டும் அசைந்தது. "பேசாத. பேசாத." அது தவழ்ந்து படங்குக்குள் நுழைந்து என் விலாவோடு ஒட்டிக்கொண்டது. அதன் உடம்பு நடுங்கியது. ஒரு குளவி உள்ளே வந்து அதன் காதில் கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன். நாய் மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

இரைச்சல் அடங்கி எழுந்தபோது மேல் நிரையில் இரண்டு பேருக்கு நன்றாகக் கொட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு பேரும் பிழைத்துத் திரும்பி வந்தார்கள். அன்று சாயந்தரம் மடுவத்தில் கங்காணி நாயின் வீங்கிய காதைத் தொட்டுப் பார்த்தார்.

"நாய் வாயே தொறக்கல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தங்கச்சி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெலிமடை லொறி இனி இல்லை. அந்தச் சந்தோஷம் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.

"அப்ப குளவி எதுக்குங்க வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் மேலே மரங்களைப் பார்த்தார்.

மறுநாள் மலை ஏறும்போது நாயை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்றவர்களே என் பக்கத்து நிரைக்கு வந்தார்கள். எல்லோர் கண்ணும் மரக்கிளையில்தான் இருந்தது. நாய் வாயைத் திறக்காதவரை உயிருக்கு ஆபத்தில்லை என்று இவ்வளவு நாளும் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்தப் பழி நாய் மேல் இருந்தவரை எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.