வண்டியில் இடிக்காத கதவு

என் ஓரகத்தியின் தோளைவிட என் கொழுந்தனின் ஓடாத வண்டிக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். பின்வாசலுக்கு வலைக்கதவு மாட்டிய அன்றுதான் அது எனக்கு உறைத்தது. நேரில் அவனைத் "தம்பி, நீங்க" என்பேன். இங்கே அவன் என்றே சொல்கிறேன். அவ்வளவு ஆத்திரம்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாடி, அவர்கள் கீழே. கல்யாணமாகி வந்த புதிதிலேயே ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்தே வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பின்னல் போட நான்தான் வேண்டும். வீட்டில் சும்மா உட்காரு என்றார்கள். அவளா உட்காருவாள்? ஒரு பல் டாக்டரிடம் பேசி, அங்கே போடும் வெள்ளைக் கோட்டுகளை வீட்டுக்கே வாங்கிவந்து துவைக்க ஆரம்பித்தாள். துவைப்பது மெஷின். காயப்போடும் கொடியை மட்டும் மார்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்கொண்டாள். கூடையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கொடிக்குப் போகும் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். காலரில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் அந்தக் கோட்டை மறுபடி நனைத்துவிடுவாள். ஆனால் கோபம் மட்டும் வராது. சுத்த வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்த வேண்டியிருக்கிறது.

கொசுத்தொல்லைக்காகத் தச்சரிடம் வலைக்கதவு செய்யச் சொன்ன கொழுந்தன், கீல் மாட்டும் வேலையைத் தானே செய்வேன் என்று கிளம்பினான். மூன்றும் ஸ்பிரிங் கீல். கதவைத் திறந்து விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அலைந்தான். ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு டீ.

பின்வாசலைத் தாண்டினால் ஒரு குறுகலான சந்து. வலப்பக்கம் போனால் துணிக்கொடி. இடப்பக்கம் உறை போர்த்தி நிற்கிறது அவனுடைய பழைய வண்டி. அதைக் கிளப்பிப் பல வருஷமாகிறது. சக்கரத்தில் காற்றுகூட இல்லை. கீலை இடப்பக்கம் வைத்தால் திறக்கிற கதவு வண்டியில் இடிக்குமாம். அதனால் மகராசன் வலப்பக்கம் வைத்தான். இப்போது கதவைத் திறந்தால் அது கொடிக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் ஈரக்கூடையோடு வெளியே வந்து, வண்டிப் பக்கம் ஒதுங்கி, கதவு மூடிய பிறகுதான் போக வேண்டும். ஸ்பிரிங் அதுவரை காத்திருக்குமா? ஒவ்வொரு தடவையும் அந்த வலது தோளிலேயே வந்து சாத்தியது.

"ஏங்க, கீலை அந்தப் பக்கம் மாத்திடுங்களேன். தோள்ல இடிக்குது" என்று கேட்டாள்.

"அங்க வச்சா வண்டியில இடிக்கும்."

"வண்டியக் கொஞ்சம் தள்ளி வச்சா?"

"கதவுல ஒண்ணும் தப்பில்ல. உனக்கு முடியலன்னா இந்தத் துணி வேலைய விட்டுடு. யாரு உன்னச் செய்யச் சொன்னா?"

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் தோள் வீங்கிவிட்டது. தலை பின்னிவிடும்போது, "பல் டாக்டர்கிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்க்கா" என்றாள். அழவில்லை. சீப்பிலிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. நேரே போய் அவனிடம் நின்றேன்.

"தம்பி, அந்தக் கூடைய ஒரே ஒரு தடவ நீங்க தூக்கிட்டுப் போய்ப் பாருங்க."

"அண்ணி, கீழ்வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு?"

எனக்கு எதுக்காம்! தோள் போனவளுக்குத் தலை பின்னுவது யார், இவனா? நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். சமையலறையில் நின்ற அவள் தன் பாட்டுக்குப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கீழேயிருந்து குரல் வந்தது. "அக்கா, கொஞ்சம் வந்து புடிக்கறீங்களா?" இறங்கிப் போனால், இடது கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறாள்.

முதலில் வண்டியை இருவருமாகச் சந்தின் கோடிக்குத் தள்ளினோம். பிறகு கதவுக்கடியில் செய்தித்தாளை மடித்துச் செருகி, வாசல் நிலையில் இருந்த ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றினாள். கீல்கள் கதவோடு இருக்கட்டும், கதவைத் தலைகீழாகத் திருப்பினால் போதும் என்று அவள்தான் சொன்னாள். திருப்பியதும் கீல் பக்கம் தானாக இடப்பக்கம் வந்துவிட்டது. நான் கதவைத் தாங்கிக்கொண்டேன். அவள் நிலையில் ஆணியால் துளை போட்டு இடது கையாலேயே திருகினாள். முதல் தடவை கதவின் அடி தரையில் உரசியது. கழற்றி, இன்னும் ஒரு மடிப்புக் காகிதம் வைத்து மறுபடி மாட்டினோம். இடுப்பால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். கதவு வண்டி நின்ற பக்கம் போய் ஒதுங்க, கொடிவரை வழி திறந்துகிடந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். சந்தில் இறங்கி, வண்டி நின்ற இடத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். படியில் நின்ற என்னிடம்தான் பாய்ந்தான்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் மாத்துனீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளே கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"இது வழியாப் போறவளக் கேட்டு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு இடிக்கும்."