கூவிய பெட்டை

எங்கள் பெட்டைக்கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கூவ ஆரம்பித்தது. அந்தச் செய்தியை லயத்து வீடுகள் முழுக்க ஓடிச் சொன்ன அறிவாளி நான்தான். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது எனக்கு வயது ஏழு. புத்திக்கு இன்னும் குறைவு.

பெட்டை கூவினால் குடும்பத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அறுத்துவிடலாம் என்றார் அப்பா.

எங்களோடு இருந்த சித்தப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாசியில் நடக்கும் காமன் கூத்தில் வருடாவருடம் ரதி வேஷம் அவருக்குத்தான். மன்மதன் எரிந்ததும் அவர் ஒப்பாரி வைத்தால் கங்காணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கூத்து முடிந்து மற்றவர்கள் வேஷத்தைக் கழுவிவிட்டு வேலைக்குப் போவார்கள். சித்தப்பா மட்டும் வளையலைக் கழற்றாமல் சட்டைக்கைக்குள் தள்ளிக்கொண்டு போவார். முதல்நாள் அழுதவர்களே அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் “வேணாண்ணே” என்பார், அவ்வளவுதான்.

கோழியைக் காப்பாற்ற அவர் என்னிடம் ஒரு வழி சொன்னார். “கூவுனது நாந்தான், வெளையாட்டுக்குன்னு அப்பாகிட்ட சொல்லுடா.”

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னேன்.

“எங்க, இப்ப கூவு பாப்போம்” என்றார் அப்பா.

கண்ணை மூடிக்கொண்டு கூவினேன். கதவில் வால் நசுங்கிய பூனையின் சத்தம்தான் வந்தது. வாசலில் நின்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள், கூடைக்குள்ளிருந்து கோழியே சரியாகக் கூவிக் காட்டியது.

அப்பா கத்தியை எடுத்தார். சித்தப்பா கூடையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அது யாருக்கு என்னண்ணே செஞ்சுச்சு? அது பாட்டுக்கு அப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஆகாதது ஒன்னு வீட்டுல ஏற்கெனவே இருக்கு. அது போதும்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா கையை எடுத்துவிட்டார்.

கறி நன்றாகத்தான் இருந்தது, தொடை எனக்கு. சித்தப்பா தட்டைத் தொடவில்லை. மறுநாள் காலை அவர் மலைக்கு வேலைக்குப் போகாமல் ஸ்டேஷன் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப்பிறகு அப்பா சாயங்காலங்களில் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னப்பா என்று கேட்டால், “மழ வருதான்னு பாக்குறேன்” என்பார். மழை எப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

மாசியில் வேறொருவர் ரதி வேஷம் கட்டினார். கங்காணி அழவில்லை.

கோழிக்காகத்தான் சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நம்பினேன். அம்மாவை நச்சரித்து இன்னொரு கோழி வாங்க வைத்தேன். அவர் திரும்பி வரும்போது வீட்டில் மறுபடியும் வம்பு வரக்கூடாதே என்று, செத்தாலும் கூவாது என்று விற்றவள் சத்தியம் செய்த பெட்டையாகப் பார்த்து எடுத்தேன்.